பரிசீலிக்கப்பட்டு

எண்ணூர்க் கல்யாண மண்டபத்தில்
யாருடைய வளைகாப்புக்கோ கட்டிய காகிதத் தோரணம்
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
அதன் கீழே மேசை போட்டோம்.
நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன்.
பேனா என்னுடையது.

இணைப்புச் சாலைக்காக நிலம் கையகப்படுத்துதல்.
அரசிதழில் வந்தது, இரண்டு நாளிதழில் வந்தது,
வார்டு அலுவலகச் சுவரில் நானே ஒட்டினேன்,
மைதாப் பசை, ஒரு கொசுவத்தி விளம்பரத்தின் மேல்.
ஆட்சேபணைக்கு அறுபது நாள்.
ஐம்பத்தெட்டாம் நாள் ஒரே ஒரு மனு:
மஞ்சினி மனைவி தேசம்மா, கழிமேட்டுக்குப்பம்.
மகள் எழுதியிருக்க வேண்டும்,
கோடு போட்ட நோட்டுத்தாள்,
பின்பக்கம் பாதியில் நின்ற வகுத்தல் கணக்கு.

வந்தாள்.
முழங்கால்வரை சேறு காய்ந்து
சாம்பல் நிறமாய் வெடித்திருந்தது.
சர்வே எண் சொல்லும்மா, என்றார் தனி வட்டாட்சியர்.

தண்ணிக்கு நம்பரு கீதா சார்?
வடக்கால பைப்புலேர்ந்து
தெக்கால ரயில் பாலம் வரிக்கும்.
வலை கெடையாது, படகு கெடையாது.
காலால தடவி கையால புடிப்போம்.
வாயில பறி.

பறி என்பது பனையோலைப் பை.
அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையும் சேற்றுக்குள்,
இறால் ஒவ்வொன்றாக.
நான் எழுத வேண்டியிராத விவரம்.
எழுதவில்லை.

கயித்த கடிச்சிகினு பேச முடியாது சார்.
பேசணும்னுதான்
இன்னைக்கி நான் தண்ணில எறங்கல.

உள்ளங்கைகளைக் குவித்து மேசைமேல் வைத்தாள்,
இப்டி, என்று.
விரல் நுனியெல்லாம் சிப்பி கிழித்த கோடுகள்.
வட்டாட்சியர் தண்ணீர் பாட்டிலை
வரைபடத்தின் மேலிருந்து நகர்த்தினார்.
நான் எழுதினேன்:
மனுதாரரிடம் பட்டா ஏதும் இல்லை.

ஆணை வந்தது.
ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டன.
மனு ஒன்று, ஆணையில் பன்மை.
அந்த வரி பழைய கோப்பிலிருந்து வந்தது,
அதற்கு முந்தைய கோப்பிலும் இருந்தது,
தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

இப்போது என் மேசையில் இன்னொரு தாள்.
அதே நோட்டு, அதே கையெழுத்து,
பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு
கொஞ்சம் சாய்ந்து ஒட்டியிருக்கிறது.
தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்
கேட்பது ஒரே கேள்வி:
பரிசீலித்தவர் யார்? எவ்வளவு நேரம்?

கோப்பு முழுக்கத் தேடினேன்.
அளக்கப்பட்டது, அறிவிக்கப்பட்டது,
கேட்கப்பட்டது, ஏற்கப்படவில்லை.
பட்டது பட்டது என்று பக்கத்துக்குப் பக்கம்.
பட்டவள் பெயர் இருக்கிறது,
தகப்பன் பெயரோடு, வயதோடு, கைநாட்டோடு.
படுத்தியவர் ஒருவர்கூட இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
ஓர் எழுவாய் இல்லை.

எனக்குத் தெரியும்.
ஒரு வியாழக்கிழமை, டீ வந்த பிறகு,
மூன்று நாற்பதிலிருந்து மூன்று நாற்பத்து நாலு.
அந்த நாலு நிமிடத்திலும்
ஒரு நிமிடம் பிரிண்டரில் தாள் சிக்கியது.

பதில் தயார்தான்:
கோரும் தகவல் இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை.
பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அத்திப்பட்டில் ஒரு தபாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது
ரயில் பாலத்தில் மெதுவாகப் போனது.
கீழே இடுப்பளவுத் தண்ணீரில் ஏழெட்டுப் பெண்கள்,
எல்லா வாயும் கயிற்றைக் கடித்தபடி.
ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.
அவளாக இருக்கலாம்.
ரயிலைப் பார்த்திருக்கலாம்.
நான் கொருக்குப்பேட்டை வரை
ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

சட்டம் கொடுத்த முப்பது நாளில்
இன்னும் மூன்று இருக்கிறது.
சனி, ஞாயிறு போனால்
ஒன்று.